கியர் விழ மறுக்கிறதா? அறிகுறியை வைத்துச் சரியான கியர் ஆயிலுக்குப் போகும் வழி

கியர் டைட்டாக விழுகிறது, கரகரவென்று அரைக்கிறது, நியூட்ரலில் சத்தம் கேட்கிறது என்றாலே "ஆயிலை மாத்திப் பாருங்க" என்ற யோசனைதான் முதலில் வரும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கோளாறு கிளட்சிலோ கேபிளிலோ இருந்தால் புது ஆயிலுக்குக் கொடுத்த காசு வீண். அதைவிட மோசமானது சத்தத்தை அடக்குவதற்காகக் கெட்டியான ஆயிலை ஊற்றுவது. சத்தம் குறையும், ஆனால் உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். கியர் மாறும்போது வேகங்களை ஒன்றாக்கும் சின்கரோ ரிங்கும் சேர்ந்து அடி வாங்கும்.

அதனால் கேனைத் திறக்கும் முன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். கோளாறு வண்டி குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பிறகு வருகிறதா? எல்லாக் கியரிலும் வருகிறதா, ஒரே ஒரு கியரிலா? கிளட்சை மிதித்தால் மாறுகிறதா, மாறவில்லையா?

இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். இஞ்சின் அணைந்த நிலையிலேயே கிளட்சை முழுக்க மிதித்து, எல்லாக் கியரையும் ரிவர்ஸையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கியர் பல் மேல் பல் நின்று முதல் முறை விழாமல் போகலாம். கிளட்சை விட்டு மறுபடி மிதித்தால் விழுந்துவிடும், அது கோளாறு இல்லை.

இஞ்சின் அணைந்திருக்கையில் எல்லாம் சுலபமாக விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் மறுத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். பெடலை இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்துவிட்டுக் கியரைப் போடுங்கள். இப்போது சுலபமாக விழுந்தால் ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ சீல் போயிருக்கிறது. கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் நீண்டு ப்ளே, அதாவது தளர்வு, கூடியிருக்கும். இதற்கு எந்தக் கியர் ஆயிலும் மருந்தாகாது.

இஞ்சின் அணைந்தும் லீவர் இறுகலாகவே இருக்கிறதா? கியர் பாக்ஸின் மேல் உள்ள செலக்டர் கையிலிருந்து கியர் கேபிளைக் கழற்றிவிட்டு, அந்தக் கையை நேரடியாக விரலால் அசைத்துப் பாருங்கள். அங்கே லேசாக அசைந்தால் பெட்டிக்குள் குறை இல்லை. கேபிள் துருப்பிடித்திருக்கிறது அல்லது புஷ் இறுகியிருக்கிறது.

இந்த இரண்டும் தேறிவிட்டால்தான் சந்தேகம் ஆயிலின் பக்கம் திரும்ப வேண்டும்.

கேனில் எதைப் படிக்க வேண்டும்

75டபிள்யூ-90 போன்ற எண், எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த தடிமன். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பது ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரம். இரண்டும் தனித்தனி விஷயங்கள். கடையில் "90 ஆயில்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் பாதித் தகவலை வைத்து வாங்குகிறோம் என்று பொருள்.

கியர் ஆயிலின் 90-ஐப் பார்த்து, 40 எண் இஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கக் கூடாது. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 100 டிகிரி செல்சியஸில் 90 கியர் ஆயிலின் தடிமன் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் (தடிமனை அளக்கும் அலகு) இருக்கும். 40 இஞ்சின் ஆயில் 12.5 முதல் 16.3 வரை. கிட்டத்தட்ட ஒன்றுதான். 140 கியர் ஆயிலோ 24-இல்தான் தொடங்குகிறது. அது சின்கரோ வைத்த கார் கியர் பாக்ஸுக்கு உரிய தடிமனே இல்லை.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்ந்த நிலைக்கானது. குறிப்பிட்ட ஓர் இறுக்க எல்லையை 75டபிள்யூ ஆயில் மைனஸ் 40 டிகிரி வரை தாண்டக் கூடாது. 80டபிள்யூவுக்கு அது மைனஸ் 26, 85டபிள்யூவுக்கு மைனஸ் 12. பனியே விழாத ஊரிலும் இது கணக்கில் வரும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 75டபிள்யூ-90 ஓடுகிற ஓட்டம் 85டபிள்யூ-140-க்கு வராது.

இனி ஜிஎல் எண். அழுத்தம் தாங்குவதற்காகக் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம் இருக்கும். கேனைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை கந்தகத்தினுடையது. ஜிஎல்-5-இல் இந்தச் சேர்மானம் ஜிஎல்-4-ஐப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. பல்லும் பல்லும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே பாரம் தாங்கும் ஹைப்பாய்டு கியருக்கு, அதாவது பின்சக்கர ஓட்ட வண்டியில் இரு பின்சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு, அது அவசியம். கியர் பாக்ஸில் அதுவே இடைஞ்சலாகலாம். ஏன் என்று தெரிய சின்கரோ ரிங்கைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

வளையல் மாதிரி ஒரு பித்தளை வளையம். அதன் உட்புறம் கூம்பாகச் சரிந்திருக்கும், அந்தச் சரிவு முழுக்க நகத்தால் வருடினால் உணரக்கூடிய மெல்லிய வரிகள். நீங்கள் லீவரைத் தள்ளும்போது ஷாஃப்டின் மேல் நகரும் ஸ்லீவ் என்ற உறை இந்த வளையத்தைக் கியரின் கூம்பு மேல் அழுத்துகிறது. வரிகள் ஆயில் படலத்தை அறுத்து விலக்குகின்றன, பித்தளை கியரின் இரும்பைப் பிடிக்கிறது, வேறு வேறு வேகத்தில் சுற்றிய இரண்டும் ஒரே வேகத்துக்கு வருகின்றன. வேகம் ஒன்றாகும் வரை வளையத்தின் வெளிப்பற்கள் ஸ்லீவை வழிமறித்து நிறுத்தியிருக்கும். ஒன்றானதும் வழிவிடும், கியர் "டக்" என்று விழும். நொடிக்கும் குறைவான நேரத்தில் இவ்வளவும் நடந்துவிடும்.

இந்த வேலைக்கு வழுக்கல் ஆகாது, பிடிப்பு வேண்டும். சேர்மானம் அதிகமான ஜிஎல்-5 கூம்பின் மேல் வழுக்குகிறது. வளையம் பிடிக்கும் முன்பே ஸ்லீவ் உள்ளே நுழைந்து பல்லோடு பல் மோதுகிறது. அதுதான் "கரக்". ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தாலும் இதே கதை, படலத்தை வரிகளால் நேரத்துக்கு அறுக்க முடியாது. போதாததற்கு, சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகம் சூட்டில் பித்தளையையே அரிக்கும். ஆயிலின் தகவல் தாளில் செப்புத் தகடு அரிப்புச் சோதனை, டி130, என்று ஒரு வரி இருக்கும். அதில் 1ஏ அல்லது 1பி என்று போட்டிருந்தால் பித்தளைக்குப் பயமில்லை. 3 அல்லது 4 என்றால் சின்கரோ உள்ள பெட்டிக்கு வேண்டாம்.

ஆனால் "கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4, டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5" என்பதை வேதமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. சுபாருவின் 5 கியர் பெட்டியில் முன் டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு கியரும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது. கம்பெனியே அதற்கு ஜிஎல்-5 75டபிள்யூ-90 சொல்கிறது. பழைய ஹோண்டா கியர் பாக்ஸ்கள் பலவற்றுக்கு 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 இஞ்சின் ஆயில் போதும். சில பிஎம்டபிள்யூ பெட்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப். பெட்டியின் பக்கவாட்டில் அதற்கென்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். ஆகவே கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. கையேட்டில் ஜிஎல்-4 என்றிருக்க, கடையில் "ஜிஎல்-5 அதைவிட ஒசத்தி" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது உயர்ந்த தரம் இல்லை, வேறு வேலைக்கான ஆயில்.

காலையில் இறுகல், ஓட ஓட இளகல்

முதல் சில கிலோமீட்டருக்கு 1-இலிருந்து 2-க்குப் போவது கஷ்டமாக இருந்து, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டால் ஆயில் தடிமன்தான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முன்பு யாரோ 85டபிள்யூ-140 அல்லது தனி எண் 90 ஊற்றியிருப்பார்கள். கையேட்டில் உள்ள எண்ணுக்குத் திரும்புங்கள். கையேடு 75டபிள்யூ-80, 75டபிள்யூ-90 இரண்டையும் அனுமதித்தால் இந்த அறிகுறிக்கு 75டபிள்யூ-80-ஐ எடுங்கள். 75டபிள்யூவில் தொடங்கும் ஆயில் பெரும்பாலும் சிந்தெடிக்காகவே இருக்கும்; இந்த ஒரு குறைக்கு அந்தக் கூடுதல் விலை தகும்.

சரியான ஆயில் இருந்தும் கடும் குளிரில் முதல் இரண்டு மூன்று மாற்றம் மட்டும் இறுகினால் அது இயல்பு. லீவரை முறுக்காமல் ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் போதும்.

சூடான பிறகு 2 அல்லது 3-இல் அரைத்தல்

இங்கேதான் தவறான ஆயில் அதிகம் மாட்டிக்கொள்ளும். குறிப்பாக 3-இலிருந்து 2-க்கு இறக்கும்போது சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கீழ்க் கியருக்கு இறங்கும்போது சின்கரோ, கிளட்சிலிருந்து பெட்டிக்குள் வரும் இன்புட் ஷாஃப்டின் வேகத்தைத் தூக்கிவிட வேண்டும், அதற்கு முழுப் பிடிப்பு தேவை. அதனால் பிடிப்புக் குறைவு முதலில் இங்கே தெரியும்.

முதலில் ஆயில் அளவு, பிறகு உள்ளே இருப்பது எந்த ஆயில் என்ற விவரம். தெரியாவிட்டால் இறக்கிவிட்டுப் புதிதாகக் கையேட்டு ஆயிலை ஊற்றுவதுதான் ஒரே தெளிவான வழி. எல்லாக் கியரிலும் கொஞ்சம் கொஞ்சம் அரைத்திருந்தால் ஆயில் மாற்றியதும் வித்தியாசம் தெரியும். ஒரே ஒரு கியரில் மட்டும் அரைத்தால், அந்தக் கியரின் ரிங்கே தேய்ந்திருக்கச் சந்தேகம் கூடுதல். கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி, மறுபடி கிளட்ச், பிறகு 2 என்று இரட்டைக் கிளட்ச் போட்டு இறக்கிப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் குறை சின்கரோவின் பிடிப்பில். அப்படியும் அரைத்தால் கிளட்சைத் திரும்பச் சோதிக்க வேண்டும்.

ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் எல்எஸ்டி டிஃபரன்ஷியலுக்கான உராய்வு குறைக்கும் சேர்மானத்தை "ஸ்மூத்தாகும்" என்று கியர் பாக்ஸில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது வளையத்தின் பிடிப்பை இன்னும் குறைக்கும். வேண்டவே வேண்டாம்.

ரிவர்ஸில் மட்டும் கரகரப்பு

பல பெட்டிகளில் ரிவர்ஸுக்குச் சின்கரோ கிடையாது. வண்டி முழுதாக நின்று, கிளட்சை மிதித்து மூன்று நான்கு நொடி பொறுத்துப் போட்டால் சத்தம் வரக் கூடாது. அல்லது முதலில் 4-ஆவது கியருக்குத் தள்ளிவிட்டு அப்படியே ரிவர்ஸுக்கு வாருங்கள். 4-இன் சின்கரோ சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்டை நிறுத்திவிடும். இவ்வளவு செய்தும் அரைத்தால் கிளட்ச் விடுபடவில்லை. ஆயிலைத் தொடாதீர்கள்.

நியூட்ரலில் சலசலப்பு, ஓட்டத்தில் ஊளை

ஐடிலில், நியூட்ரலில் சலசலவென்று கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றுவிடுகிறதா? பாரமில்லாத கியர்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தமாக இருக்கலாம், இன்புட் ஷாஃப்ட் பேரிங்காகவும் இருக்கலாம். ஆயில் குறைந்திருந்தாலோ தேவைக்கு மேல் மெல்லியதாக இருந்தாலோ தட்டல் கூடும். நேர்மாறாக, கிளட்சை மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறதென்றால் அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்.

வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தத்துக்கு முதல் கேள்வி ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான். கார் கியர் பாக்ஸ் பலவற்றின் கொள்ளளவே ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர். அதில் அரை லிட்டர் கசிந்து போனாலும் பெரிய பங்கு. முன்சக்கர ஓட்டக் கார்கள் பலவற்றில் 5-ஆவது கியர் பெட்டியின் கடைக்கோடியில் தனிக் கவருக்குள் உட்கார்ந்திருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் காய்வது அந்தப் பக்கம். 5-இல் மட்டும் ஊளையிட்டால் அன்றைக்கே அளவைப் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தும் ஊளையிட்டால் பெரும்பாலும் பேரிங் போயிருக்கும். இந்த இடத்தில்தான் 140 ஊற்றச் சொல்லி ஆலோசனை வரும். சத்தம் அமுங்குவதால் ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள், உதிர்ந்த இரும்புத் துகள் மற்ற பேரிங்கையும் பற்களையும் தின்னும், கடைசியில் ஒரு பேரிங் விலையில் முடிந்திருக்க வேண்டியது முழுப் பெட்டியாகும்.

கியர் தானாக வெளியே வருகிறது

ஆயிலுக்கு இதில் பங்கே இல்லை. தேய்ந்த டாக் பற்கள் (ஸ்லீவ் கோர்த்துக்கொள்பவை), டீட்டென்ட் ஸ்பிரிங் (கியரை இடத்தில் பிடித்து வைப்பது), வளைந்த செலக்டர் ஃபோர்க் (ஸ்லீவைத் தள்ளும் கவை), இல்லாவிட்டால் பிய்ந்துபோன இஞ்சின் மவுண்ட். மவுண்டை முதலில் பாருங்கள், அதுதான் செலவு குறைந்தது.

கசிவு

டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இரு பக்கமும், இஞ்சினும் பெட்டியும் சேரும் அடிப்பகுதியும் பார்க்க வேண்டிய இடங்கள். சீலை மாற்றும் முன் பெட்டியின் மேலுள்ள காற்றுப் போக்கியைச் சுத்தம் செய்யுங்கள். அது சேற்றில் அடைத்துக்கொண்டால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியேறும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே விளைவு. அடிப்பகுதியில் சொட்டி, கூடவே கிளட்ச் வழுக்கினால் இன்புட் ஷாஃப்ட் சீல் போய் ஆயில் கிளட்ச் தட்டில் பட்டிருக்கிறது. பெட்டியை இறக்கியே ஆக வேண்டும்.

ஆயிலை மாற்றும் முறை

கியர் பாக்ஸ்களில் பெரும்பாலும் ஃபில்டர் கிடையாது. தேய்ந்த துகள் எல்லாம் உள்ளேயேதான் சுற்றும். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று சொல்லப்படும் பெட்டிக்கும் ஆயில் மாற்றுவதில் நியாயம் இருப்பது அதனால்தான்.

பத்து இருபது நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் அளவு பொய் சொல்லும்.

முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள ஃபில்லர் பிளக், கீழே உள்ள டிரெயின் பிளக் இல்லை. கீழே இறக்கிவிட்ட பிறகு மேல் பிளக் துருவில் சிக்கிச் சுற்ற மறுத்தால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியதுதான். பிளக் தலை சதுரக் குழியா, ஆலன் வகையா என்று பார்த்துப் பொருத்தமான கருவியைப் போடுங்கள். ஒப்பேற்றினால் தலை மழுங்கும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் கையேட்டுப் படத்தைப் பார்க்காமல் கைவைக்காதீர்கள். சில பெட்டிகளில் ஃபில்லர் பிளக்கே இல்லாமல் ரிவர்ஸ் லைட் சுவிட்ச் ஓட்டை வழியாக ஊற்ற வேண்டியிருக்கும்.

டிரெயின் பிளக்கைத் திறந்து பத்து பதினைந்து நிமிஷம் வடியவிடுங்கள். அதற்குள் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பசையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள். விபூதிக்குள் எண்ணெய் விட்டுக் குழைத்த மாதிரி வழவழவென்று இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் முள் மாதிரி குத்தினால், பல்லின் ஓரமோ பேரிங்கோ உதிர்கிறது. வடிந்த ஆயிலை வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: பொன் நிறத்தில் மினுமினுத்தால் சின்கரோ ரிங்கின் பித்தளை. காந்தத்தில் அது ஒட்டாது, ஆயிலில்தான் தெரியும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; காற்றுப் போக்கியையும் சீலையும் பார்க்காமல் புது ஆயில் ஊற்றாதீர்கள். கறுத்துக் கருகிய வாடை வந்தால் குறைந்த ஆயிலில் சூடேறி ஓடியிருக்கிறது. வடிந்ததை அளந்து வையுங்கள். கையேட்டில் 2 லிட்டர் என்றிருக்க 1.3 லிட்டர்தான் வந்தது என்றால் அதுவே ஒரு துப்பு.

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி அலச வேண்டாம்; மூலையில் தங்கும் மிச்சம் புது ஆயிலைக் கெடுக்கும். புது வாஷர் போட்டு டிரெயின் பிளக்கை மூடுங்கள். பெட்டியின் ஓடு அலுமினியம், மரை சுலபமாகப் போய்விடும். பல வண்டிகளில் முறுக்கு விசை 25 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டியின் எண்ணைப் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கூம்பு மரை உள்ள பிளக்குக்கு வாஷர் கிடையாது, மரைக்கான சீலன்ட் போதும்.

கைப் பம்பாலோ, மேலிருந்து குழாயும் புனலும் வைத்தோ நிதானமாக ஊற்றுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் ஃபில்லர் ஓட்டையின் கீழ் உதட்டில் ஆயில் வழியத் தொடங்குவதுதான் சரியான அளவு. வழிவது சொட்டாகக் குறையும் வரை காத்திருந்து பிளக்கை மூடுங்கள். டிப் ஸ்டிக் உள்ள பெட்டியிலும், அளவை லிட்டர் கணக்கில் மட்டும் சொல்லும் பெட்டியிலும் இந்த முறை செல்லாது; அங்கே அளந்து ஊற்ற வேண்டும். பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் கேனில் பிடித்து, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

ஏற்கெனவே தவறான ஆயில் இருந்தால்

ஜிஎல்-4 பெட்டியில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஜிஎல்-5 ஓடியதாலேயே பெட்டி போய்விடாது. இறக்கிவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றி ஓட்டுங்கள். சுவர்களிலும் பேரிங்கிலும் ஒட்டிய பழைய ஆயில் கொஞ்சம் கலந்துதான் இருக்கும், அதனால் முதல் நாளே தீர்ப்பு எழுத வேண்டாம். 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றினால் மிச்சமும் போய்விடும். அதற்குப் பிறகும் அதே கியர் அதே வேகத்தில் அரைத்தால் ஆயில் சோதனை முடிந்துவிட்டது; அந்தக் கியரின் ரிங்கும் டாக் பற்களும் எப்படி இருக்கின்றன என்று பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். திறக்கக் கொடுக்கும்போது வடித்த ஆயிலைச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள், மினுக்கும் துகளின் நிறத்தை வைத்தே மெக்கானிக் எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்று முடிவு செய்வார்.